என்ன சொன்னீக?

கலந்தாய்வுத் திரையில்
எனக்கு முந்திய தரவரிசைக்காரர்கள்
தோல் மருத்துவத்தைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.
கதிரியக்கத்தில் ஓர் இடம் மிச்சம்.
நுரையீரல் பிரிவில் நான்கு.
"நெஞ்சுதானே எடுக்கப்போறே,
ஆராய்ச்சியெல்லாம் பண்ணியிருக்கியே"
என்று செய்தி அனுப்பினாள் கமலவேணி.

பண்ணியிருக்கிறேன்.
இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில்
இரண்டு மாதம்
புதுவயல் அரிசி ஆலைகளில்
நூற்றுப் பன்னிரண்டு பேரின் மூச்சை அளந்தேன்.

காரைக்குடியிலிருந்து ஏழு மணிப் பேருந்து.
பையில் அட்டைக் குழல்கள், ஒப்புதல் படிவங்கள்,
ஊதினால் சிவப்பு முள் நகரும் ஒரு கருவி.
மூன்று முறை ஊத வேண்டும்
மூன்றில் பெரியதை எழுத வேண்டும்.
வேறெந்தப் பரீட்சையிலும்
எனக்கு இந்தச் சலுகை கிடைத்ததில்லை.

உமித்தூசி மூச்சைத் தின்னும்:
இதுதான் என் கருதுகோள்.
அவித்த நெல்லின் வாடை துப்பட்டாவில் ஏறும்.
இமைமேல் தவிடு உட்காரும்.
மதியம் முதலாளி கலர் வாங்கித் தருவார்,
ஆலைப் பெயரைப் போடாதே என்பார்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க."
"என்ன சொன்னீக?"
என்பார் சல்லடை பார்க்கும் ராக்கு.
கத்துவேன்.
மூட்டை தூக்கும் முத்தழகு
என் வாயையே பார்த்திருந்து
நான் உதடு குவித்தால் தானும் குவிப்பார்.
ஐந்தாம் நாள் எனக்குத் தொண்டை கட்டியது.
எந்திரச் சத்தம்தான் என்று
எடைமேடைக்குப் பின்னால் நாற்காலியை மாற்றினேன்.
அங்கே காகம் கத்துவதுகூடக் கேட்டது.
எனக்கு.

என் கேள்வித்தாளில் இருபத்துமூன்று கேள்விகள்.
பீடி, சளி, இருமல், வீட்டில் விறகடுப்பா கேஸா.
உரக்கப் பேச வேண்டியவர்களின் பெயர் ஓரத்தில்
பென்சிலால் சின்னதாய் ஒரு 'உ' போட்டேன்,
காலையில், குரல் இருக்கும்போதே
அவர்களை முடித்துவிடலாம் என்று.

முடிவு வந்தது: பி மதிப்பு பூச்சியம் புள்ளி பூச்சியம் ஏழு.
"ஐந்துக்குள்ள வரலையேம்மா" என்றார்
வழிகாட்டி சேவுகப்பெருமாள் சார்,
என் உயரம் இரண்டங்குலம் குறைந்ததுபோல.
மூச்சு உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் போதாமலிருக்கலாம்.
மூச்சுக் கெட்டவர்கள்
நான் போகும் முன்பே வேலையை விட்டு நின்றிருக்கலாம்.
சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது.

அதைத் தேடித்தான்
நேற்று ராத்திரி அந்தக் கோப்பைத் திறந்தேன்.
பென்சில் மங்கவில்லை.
'உ'க்களை எண்ணினேன். அறுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டு.

அறுபத்திரண்டு பேரை நேரில் பார்த்திருக்கிறேன்.
நான் கேட்காத கேள்விக்கு
முதல் நாளிலிருந்தே
பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.
ஒப்புதல் படிவத்தை நிறுத்தி நிதானமாக
வாசித்துக் காட்டினேனே,
எல்லோரும் தலையாட்டினார்களே,
அதில் எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்?

காது மூக்கு தொண்டை. அழுத்திவிட்டேன்.
இரவுப் பணி குறைவு என்பதும் ஒரு காரணம்,
பொய் சொல்ல விரும்பவில்லை.
இரைச்சலில் போன காது போனதுதான் என்று
அந்தப் பாடநூலே சொல்கிறது.
அதுவும் தெரியும்.

கமலவேணி மூன்று கேள்விக்குறி அனுப்பியிருக்கிறாள்.

கடைசி நாள்
கருவியைத் துடைத்துப் பையில் வைக்கும்போது
ஆலைக்குள்ளிருந்து ராக்கு என்னிடம் ஏதோ கேட்டார்.
"என்ன சொன்னீக?" என்றேன்.
திரும்பவும் சொன்னார்.
மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாக இருந்தது.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
புரிந்த மாதிரி சிரித்துத்
தலையாட்டிவிட்டு வந்தேன்.